அடுக்குப்பானைக் கணக்கு

சிறுபாணாற்றுப்படையில் ஒரு வறிய அடுக்களை வருகிறது. சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. ஈரத்தில் காளான் முளைத்திருக்கிறது. பசியால் மெலிந்த ஒரு கிணைமகள், கிணைப்பறை கொட்டும் குடியின் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் அவிக்கிறாள். வம்பு பேசும் அயலார் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து அதைத் தின்கிறாள். நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்தச் சாத்திய கதவை என்னால் மறக்க முடிந்ததில்லை. பசி ஒரு துன்பம். பசிக்கு எதைத் தின்றோம் என்பது வெளியே தெரிவது இன்னொரு துன்பம்.

2020ஆம் ஆண்டு மதுரையில் கதவைச் சாத்தியது அரசு. மார்ச் கடைசியிலிருந்தே நாடு அடைபட்டுக் கிடந்தது. ஜூன் 24 தொடங்கி ஜூலை நடுப்பகுதிவரை மாநகரத்துக்குத் தனியாக முழு ஊரடங்கு வந்தது. தொற்று பரவியதால் பரவைக் காய்கறிச் சந்தையும் மூடப்பட்டது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே வாசனை: வத்தல் வறுபடும் வாசனை. சீனியவரைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், மோர்மிளகாய், காணப்பயற்றுத் துவையல், மொச்சை போட்ட புளிக்குழம்பு, நெத்திலிக் கருவாடு. வயதான அம்மாக்கள் பரணிலிருந்து டப்பாக்களை இறக்கினார்கள். ரேஷன் அரிசியைப் பொங்கி இரவே தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். காலையில் அந்தப் பழையசோற்றைப் படமெடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிய இளைஞர்களும் உண்டு. கிணைமகள் சாத்திய கதவு திறந்துவிட்டதோ என்று எனக்கு அப்போது ஒரு மகிழ்ச்சி.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்தது உணவு. அந்த உணவைச் சேமித்து வைத்த ஏற்பாடு திரும்பவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஏற்பாட்டுக்கு எங்கள் பக்கத்தில் அடுக்குப்பானை என்று பெயர். அடியில் பெரியது, மேலே சிறியது என ஐந்தாறு மண்பானைகள் அடுக்களை மூலையில் பிரிமணையின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். புளி ஒன்றில், பருப்பு ஒன்றில், வத்தல் ஒன்றில். வீட்டுப் பெண்கள் சிறுவாடு சேர்த்துவைத்ததும் அதற்குள்ளேதான். தானியம் அதில் அடங்காது. அதற்கு மண்ணும் வைக்கோலும் பிசைந்து கட்டிய குலுக்கை இருந்தது. ஆள் உயரத்துக்கு நிற்கும், அடியில் ஒரு சிறு வாய். மேலே கொட்டி அடியில் எடுப்பதால் பழைய தானியம் முதலில் செலவாகும். நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு வைப்பார்கள், வண்டு அண்டாது.

எப்போது எதைச் சேமிப்பது என்பதற்கு மாதக் கணக்கு உண்டு. தை, மாசியில் துவரை வரும். அதை ஊறவைத்து, செம்மண் குழைத்துப் பூசி, வெயிலில் காயவைத்துத் திருகையில் உடைப்பார்கள். செம்மண் கட்டிய பருப்பு எளிதில் புழுக்காது. வேகும்போது அதற்கு ஒரு தனி மணம். மாசி, பங்குனியில் புதுப்புளி. கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்துப் பானையில் அடைத்தால் அடுத்த மாசிவரை பேச்சில்லை. அதே சமயத்தில் மிளகாய் வத்தலும் மல்லியும் வருஷச் சாமானாக வாங்கிவிடுவார்கள். சித்திரையில் வெயில் ஏறியதும் வடகம். சின்ன வெங்காயம் மலிந்த நேரம் பார்த்து இடித்து, பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம், உளுந்து, மஞ்சள், உப்பு சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைவார்கள். மறுநாள் மீண்டும் பிசைந்து பிழிந்து உருட்டி, பல நாள் காயவைப்பார்கள். வெங்காயம் விலையேறும் ஐப்பசியில் அந்த உருண்டையில் ஒரு கிள்ளு போட்டுத் தாளித்தால் குழம்புக்கு வெங்காயமே வேண்டாம்.

இதில் அடங்கியிருக்கும் பொருளாதாரத்தைப் பலர் கவனிப்பதில்லை. வத்தல் போடுவது ருசிக்காகத் தொடங்கிய வேலையல்ல. மலிவான மாதத்தின் விலையை விலையேறிய மாதத்துக்குக் கொண்டுபோவது அது. கத்தரிக்காய் கூடை கூடையாகக் காய்க்கும்போது விற்றாலும் காசு தேறாது, தின்றாலும் தீராது. உப்பில் அரை வேக்காடாக வேகவைத்துக் காயப்போட்டால் ஆடியிலும் கத்தரிக்காய் இருக்கும். கெடுதல் செய்யும் நுண்ணுயிர்களுக்கு வாழ ஈரம் வேண்டும். வெயில் அந்த ஈரத்தை எடுக்கிறது. உப்பு மிச்ச ஈரத்தையும் அவற்றுக்குக் கிடைக்காமல் கட்டிவைக்கிறது. மோரின் புளிப்பு காவலுக்கு நிற்கிறது. மோர்மிளகாயைப் பகலில் காயவைத்து, இரவில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுதும் வற்றும்வரை திரும்பத் திரும்பச் செய்வதன் காரணம் இதுதான். எங்கள் அப்பத்தாவுக்கு நுண்ணுயிர் என்ற சொல் தெரியாது. காய்ந்த வத்தலைக் கையில் அள்ளி உதறிப் பார்ப்பார். கலகலவென்று சத்தம் வராவிட்டால் “இன்னும் ஒரு வெயில் கேக்குது” என்று திரும்பப் பரப்பிவிடுவார்.

அவர் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். அந்த மண்ணில் விதைக்காமலே விளையும் இரண்டு காய்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று அதலக்காய். பாகற்காயின் உறவு, ஆனால் சிறியது, கசப்பானது. கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும். ஐப்பசி மழை விழுந்ததும் பருத்திக்கும் கம்புக்கும் நடுவே கொடியாகக் கிளம்பி, மார்கழிக்குள் காய்த்து ஓய்ந்துவிடும். பறித்த காய் வெகுநேரம் தாங்காது. வெடித்து விதையைச் சிதறிவிடும். பறித்த அன்றே சமைக்க வேண்டும், இல்லாவிட்டால் காயவைக்க வேண்டும். இரண்டாவது மிதுக்கங்காய். வெள்ளரி இனத்துக் காட்டுக்காய், கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியது. அதுவும் கசக்கும். கீறி, உப்பும் மோரும் ஊற்றிக் காயவைத்தால் மிதுக்கு வத்தல். கம்மஞ்சோற்றுக்கு அதுதான் வெஞ்சனம். யாரும் விதை வாங்கவில்லை, தண்ணீர் பாய்ச்சவில்லை, வரி கட்டவில்லை. களையெடுக்கப் போன பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்று களைக்கொல்லி தெளித்த காட்டில் அந்தக் கொடிகள் இல்லை. களையெடுக்கும் கூலியை மிச்சப்படுத்திய மருந்து, களையெடுத்தவள் வீட்டுக் காயையும் கொண்டுபோய்விட்டது.

மதுரைச் சமவெளி ஒரே மாதிரியான நிலமல்ல. கிழக்கிலும் வடக்கிலும் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்பூமி. மேற்கிலும் தெற்கிலும் உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் பெரும்பாலும் வானம் பார்த்த மானாவாரி. 1887இல் தொடங்கி 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகுதான் இந்த வேறுபாடு இவ்வளவு கூர்மையானது. தண்ணீர் வந்த பக்கம் நெல்லுச்சோறு அன்றாடச் சோறானது. வராத பக்கம் கம்பும் சோளமும் குதிரைவாலியும் கேப்பையும் நீடித்தன. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். பெண் கொடுக்கும்போது “நெல்லுச்சோறு திங்கிற ஊரா?” என்று கேட்கும் வழக்கம் இந்தப் பிளவிலிருந்து வந்தது. மாங்குடி கிழாரின் புறநானூற்றுப் பாட்டொன்று வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கைத் தவிர வேறு உணவு இல்லை என்கிறது. அதைச் சொல்வதில் பெருமிதமே தெரிகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே தானியங்கள் ஏழ்மையின் அடையாளமாகி, விருந்தாளி வந்தால் மறைத்துவைக்கும் பொருளாயின.

பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்துகொண்டே போவது எளிது. அதன் எல்லையை 1876 காட்டியது. தாது வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1878வரை நீடித்த பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று அரசின் விசாரணைக் குழுவே கணித்தது. மதுரை ஜில்லாவும் அதில் சிக்கியது. குலுக்கை ஒரு மழையில்லாத வருஷத்தைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. குலுக்கையே இல்லாத கூலிக்குடிகளோ முதல் மாதத்திலேயே சாய்ந்தார்கள். தூத்துக்குடிவரை அப்போதுதான் ரயில்பாதை வந்திருந்தது. ரயில் தானியத்தைப் பசி இருந்த இடத்துக்கு எடுத்துச் செல்லவில்லை. விலை இருந்த இடத்துக்கு எடுத்துச் சென்றது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் படியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராமும், சிறு காசுமாகக் குறைத்தார் இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள். உழைக்கும் உடம்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். தன் சொத்தை விற்றுக் கஞ்சி ஊற்றிய தாசி குஞ்சரத்தம்மாளின் கதை மதுரையில் இன்றும் சொல்லப்படுகிறது, சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ அவளை நாவலுக்குள் கொண்டுவந்தது. பஞ்சத்தில் மக்களைக் காப்பது வீட்டுப் பானையல்ல என்பதற்கு அவளுடைய கஞ்சித்தொட்டியே சான்று. பொதுவில் ஒரு பானை வேண்டியிருந்தது.

அந்தப் பொதுப்பானை மெதுவாகத்தான் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்து பர்மா அரிசி நின்றபோது சென்னை மாகாணத்தில் பங்கீட்டுக் கடைகள் தோன்றின. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அறுபதுகளின் நடுவில் மீண்டும் தட்டுப்பாடு; வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்கும்படி 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். பள்ளிகளில் அமெரிக்கக் கோதுமை ரவையும் மக்காச்சோள மாவும் உப்புமா ஆயின. 1967 தேர்தலின் முடிவில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்ற கேள்விக்கும் பங்கு இருந்தது. பிறகு 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லாமல் மாதம் 20 கிலோ.

விலையில்லா அரிசியை ஏளனம் செய்பவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்வேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 1876க்குப் பின் ஏறக்குறைய 140 ஆண்டுகளில் அப்படி ஒரு பொய்ப்பு இல்லை. 2017 ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கடன்பட்ட உழவர்கள் உயிரை விட்டார்கள். ஆடு மாடுகள் அடிமாட்டுக்குப் போயின. ஆனால் ஊர் ஊராகப் பட்டினியில் யாரும் சாகவில்லை. அதே மாதிரி வானம், 140 வருஷ இடைவெளி, நடுவில் ஒரு ரேஷன் கடை. குலுக்கையின் இடத்தை அரசுக் கிடங்கு எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். கிடங்கு அரிசியைத் தந்தது. அரிசியோடு தின்ன வேண்டியதை முழுக்கத் தரவில்லை. மலிவு விலையில் கொஞ்சம் பருப்பும் பாமாயிலும் கிடைக்கின்றன. காயும் வெங்காயமும் தக்காளியும் சந்தையின் கையில். 2019 டிசம்பரில் வெங்காயமும் 2023 ஜூலையில் தக்காளியும் கிலோ நூறு ரூபாயைத் தாண்டின. அந்த ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசே இறங்க வேண்டியிருந்தது. மதுரையில் அப்போது பல வீடுகளில் பச்சைப்புளி ரசம் திரும்ப வந்தது. புளியைக் கரைத்து, வெங்காயமும் சுட்ட வத்தலும் கசக்கிப் போட்டால் அடுப்பே தேவையில்லை. தக்காளி இல்லாமல் குழம்பா என்று திகைத்த பிள்ளைகளுக்கு, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து வெகுகாலம் ‘சீமைக்’ காயாக ஒதுங்கி நின்று, சமீபத்தில்தான் நம் குழம்புக்குள் புகுந்தது என்பது தெரியாது. அதற்கு முன் தமிழ்க் குழம்பின் புளிப்பு முழுவதும் அடுக்குப்பானையில் இருந்தது. ஒரே ஆண்டில் கிலோ பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் ஊசலாடும் காயை நம்பி அன்றாடச் சமையலை அமைத்துக்கொண்டது நம் தலைமுறையின் பிழை.

சரி, வத்தல் போட்டுவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் நெருக்கடிக்காலச் சிக்கன உணவைப் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் தடம் மாறுகின்றன. சேமிக்க முதலில் கையில் மிச்சம் வேண்டும். களத்துமேட்டில் கூலியைத் தானியமாக வாங்கியவரை அறுவடை மாதத்தில் கூலிக்காரர் வீட்டிலும் நாலு மரக்கால் தானியம் இருந்தது. கூலி காசானது நல்லதுதான். ஆண்டையின் மரக்காலில் இருந்த ஏமாற்றும் அதோடு போனது. ஆனால் அன்றாடம் வரும் காசு அன்றாடமே போகிறது. கட்டட வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் பெண், தெருமுனைக் கடையில் ஐந்து ரூபாய் மிளகாய்த்தூள், பத்து ரூபாய் எண்ணெய், ஒரு புளிப் பொட்டலம் என்று வாங்குகிறாள். கீழமாசி வீதி மொத்தக் கடையில் மாசி மாதம் ஒரு தூக்குப் புளி வாங்குபவர் கொடுக்கும் விலையைவிட அவள் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறாள். வசதி உள்ளவர் சிக்கனமாக இருக்க முடிகிறது. இல்லாதவரால் சிக்கனமாக இருக்கக்கூட முடியவில்லை.

இடமும் வேண்டும். வில்லாபுரத்திலோ ஜெய்ஹிந்துபுரத்திலோ ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு மொட்டைமாடிச் சாவி வீட்டுக்காரரிடம். வடகம் உருட்டி எங்கே காயவைப்பது? கருவாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கருவாடு வறுத்தால் மாடிவீட்டிலிருந்து முகச்சுளிப்பு; அசைவம் சமைப்பவர்களுக்கு வீடே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் தெருக்களும் இந்த நகரத்தில் உண்டு. ஆட்டுக்கறி உப்புக்கண்டத்தை இன்று உணவகங்கள் பெருமையாக விற்கின்றன. மாட்டுக்கறியைக் கொடியில் காயவைத்துச் சேமித்த சேரி வீடுகளின் அறிவுக்கு அந்தப் பெருமையில் இடமில்லை. கிணைமகளின் கதவு சிலருக்குத்தான் திறந்திருக்கிறது.

உழைப்பும் வேண்டும். அந்த உழைப்பு யாருடையது என்று கேட்காமல் பழைய உணவைக் கொண்டாடுவது அறமாகாது. மதுரை அப்பளத்துக்குப் பெயர்போன ஊர். அனுப்பானடி, சிந்தாமணிப் பக்கம் போனால் உளுந்துமாவு வட்டங்கள் வெயிலில் வரிசையாகக் காய்வதைப் பார்க்கலாம். திரட்டுவதும் காயவைப்பதும் அடுக்குவதும் பெரும்பாலும் பெண்கள், எண்ணிக்கைக்குக் கூலி. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாத நாளில் கூலியில்லை. வீட்டில் வத்தல் போட்ட அப்பத்தாவுக்கும் யாரும் கூலி கொடுத்ததில்லை. காக்கை விரட்ட ஒரு பேத்தி, மாலை மூட்டையாகக் கட்டி இறக்க ஒரு மருமகள் என்று பெண்களின் கோடை முழுவதும் அதில் கழிந்தது. என் அம்மா வேலைக்குப் போன வருஷத்தோடு எங்கள் வீட்டில் வடகம் போடுவது நின்றது. “கடையில வாங்கிக்கிறலாம் அத்தை” என்று அவர் சொன்னதற்கு அப்பத்தா மறுப்புச் சொல்லவில்லை. அம்மா செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

சிறுதானியம் போனதற்கும் இதே காரணம்தான்; ருசி மாறியதால் மட்டும் போகவில்லை. குதிரைவாலி மூன்று மாதத்துப் பயிர். ஐப்பசி மழையில் வளர்ந்து தைக்குள் களம் சேரும், பேரையூர், டி. கல்லுப்பட்டி மானாவாரியில் இன்றும் விளைகிறது. உமியோடு வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்கு அதைவிட நல்ல சேமிப்பு இல்லை. ஆனால் அந்த உமியை நீக்குவதுதான் பாடு. உரலில் குத்தி, புடைத்து, மீண்டும் குத்தி, ஒருவேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். நெல்லுக்கு ஊருக்கு ஊர் ரைஸ்மில் வந்தது. குதிரைவாலிக்கும் சாமைக்கும் வரவில்லை. குத்த வேண்டாத அரிசி கடையில் கிடைத்ததும் பெண்கள் உலக்கையைக் கீழே போட்டார்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை பேரையூர்ப் பக்கத்தில் சிறுதானிய வேலையைத் தொடங்கியபோது உமி நீக்கும் இயந்திரத்தில் கருத்தைச் செலுத்தியது. பிரச்சினையின் வேரைத் தொட்ட வேலை அது. மதுரை வேளாண்மைக் கல்லூரியும் குதிரைவாலியில் மதுரை 1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு, விளைகிற ஊரிலிருந்து மூட்டையாகக் கிளம்பிய குதிரைவாலி நகரத்தின் அங்காடியில் அரைக்கிலோ பாக்கெட்டாக நிற்கும்போது அரிசியைவிட விலை அதிகம். விளைவித்தவர் தின்பது ரேஷன் அரிசி. ஏழையின் தானியத்தை ஏழையால் வாங்க முடியாத நிலைக்குப் பாரம்பரிய உணவின் மறுமலர்ச்சி என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமலர்ச்சிக்காரர்களின் மிகைப்பேச்சையும் இங்கே தொட்டுவிடுகிறேன். பழையசோற்றில் இரும்புச்சத்து ஓர் இரவில் இருபது மடங்காகப் பெருகுகிறது என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. இரும்பு ஒரு தனிமம். சோறு புளிப்பதால் அது புதிதாகப் பிறக்காது. நொதித்தலில் பைட்டேட் குறைந்து, இருக்கும் இரும்பை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா பெருகும். அவ்வளவே போதுமான பெருமை. வத்தலிலும் உப்பு அதிகம், காய்ந்ததில் வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அளவறிந்து தின்ன வேண்டும். கம்பு மாவில் கொழுப்பு கூடுதல். அரைத்துப் பாக்கெட்டில் அடைத்தால் சில நாளில் சிக்கு வாடை வரும். அதனால்தான் அப்பத்தாக்கள் தானியமாகவே வைத்து அன்றன்றைக்கு இடித்தார்கள். மருந்து என்று விற்கப்படும் பழைய உணவைவிட, உணவு என்று புரிந்துகொள்ளப்பட்ட பழைய உணவு நெடுநாள் நிற்கும்.

கடல் தாண்டி ஒரு காட்சி. 2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்து எரிபொருளும் உரமும் மாவும் அருகியபோது, வீட்டுத் தோட்டம் போடுவதற்காக அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்தது அரசு. யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதல்ல. எழுபதுகளின் இறக்குமதித் தடையிலும் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையிலும் மரவள்ளியும் பனையும் அவர்களைக் காத்தன. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்த ஒடியலை இடித்து மாவாக்கி, மீனும் கீரையும் போட்டுக் கூழ் காய்ச்சினார்கள். அங்கே அது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. பனைமரங்கள் நின்றன. கிழங்கைக் காயவைக்கத் தெரிந்த தலைமுறை உயிரோடு இருந்தது. மரமும் தெரிந்த கையும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் எந்த அரசும் ஒரு வெள்ளிக்கிழமையில் அவற்றை உண்டாக்கிவிட முடியாது.

எனவே என் கேள்வி, இந்த அறிவும் விதையும் நிலமும் அடுத்த நெருக்கடிவரை எங்கே இருக்கும் என்பதுதான். ஒவ்வொரு வீடும் மீண்டும் வடகம் உருட்ட வேண்டும் என்பது என் கோரிக்கையல்ல. அந்தப் பாரத்தை மறுபடியும் பெண்கள் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை. அடுக்குப்பானையின் கணக்கைப் பொதுவில் போட முடியும். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலைபோகாமல் தரையில் கொட்டப்படும் மாதத்தில் அதை வாங்கிக் காயவைக்க மகளிர் குழுக்களுக்குக் கூடாரமும் முறையான நாள்கூலியும் தரலாம். வார்டுக்கு ஒரு மொட்டைமாடியை, மாநகராட்சிக் கட்டடத்தின் மாடியாக இருந்தாலும், வத்தல் காயவைக்கத் திறந்துவிடலாம். உமி நீக்கும் இயந்திரம் பேரையூர் வட்டத்தில் நான்கு ஊருக்கு ஒன்று இருந்தால் உலக்கை திரும்ப வேண்டியதில்லை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நல்ல பட்டியல். 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. அந்த மலைக்கும் மேட்டுக்கும் பழக்கமான தானியம் ரேஷன் கடைக்கு வந்தது. மதுரை மாவட்டத்துக்கும் அதையே கேட்கிறேன். பேரையூர்க் குதிரைவாலியை அரசு நல்ல விலைக்குக் கொள்முதல் செய்து, உமி நீக்கி, உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் ரேஷன் கடைகளிலும் பள்ளிக் காலை உணவிலும் சேர்க்கட்டும். இன்று ஊருக்கு நாலு பாட்டிகளுக்காவது செம்மண் கட்டவும் மிதுக்கு வத்தல் போடவும் தெரியும். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.